கயிறு பிடிக்கிறவள்

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், ஜூலை 25இல், செவத்திக்கு ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு ஏழு வயது. திரேஸ்புரம் கரையில் தம்பியின் வள்ளத்தடியில் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தவள். செம்மண் நிறம் என்பதால் அப்பா வைத்த பெயர் அது.

அதற்கு முன் பத்து நாளாக அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். வைக்க வைக்கச் சட்டி காலி. வீட்டுக்குள் மூத்திரம் போகாதவள் திண்ணையிலேயே போனாள். வெயில் கொடுமை என்று நினைத்துவிட்டேன். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்த அன்றுதான் பயம் வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கர்ப்பப்பை நிறையச் சீழ் இருப்பதாகச் சொல்லி, உடனே திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகச் சொன்னார்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வருகிற நோய் இது. ஒவ்வொரு முறை பருவத்துக்கு வந்து போகும்போதும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஹார்மோன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. அந்தச் சமயத்தில் கிருமி உள்ளே புகுந்தால் சீழ் கட்டிவிடும். பெரும்பாலும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தெரியவரும். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து நாற்றம் காட்டிக்கொடுக்கும். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளேயே விஷமாகும். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவதே நம்பகமான வழி. சின்ன வயதில் கருத்தடை செய்திருந்தால் இது வந்திருக்காது. எனக்கு அது தெரியாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

அங்கே ஆபரேஷன் முடிந்து அவளை என் மடியில் கிடத்தியபோது டாக்டர் சொன்னார்: "என் வேலை முடிஞ்சிருச்சும்மா. இனி பன்னிரண்டு நாள் உங்க வேலை."

அன்றைக்கு ராத்திரி அவள் முனகிய முனகலில் நாங்கள் யாரும் தூங்கவில்லை. மயக்க மருந்து தெளிகிற நேரத்தில் நாய் அப்படித்தான் முனகும், தள்ளாடும், நம்மையே அடையாளம் தெரியாதது போலப் பார்க்கும். உடம்பு சில்லிட்டிருக்கும். எங்கள் வீட்டு மொசைக் தரையில் போட்டால் இன்னும் குளிரும் என்று சாக்கை மடித்து, மேலே அம்மாவின் பழைய சேலையை விரித்துக் கிடத்தினேன். கட்டிலில் போடவில்லை, விழுந்துவிடும். தண்ணீரை நாமாக வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத நேரத்தில் நுரையீரலுக்குப் போய்விடும். நன்றாகத் தலை தூக்கிய பிறகு நாலு மிடறு வைத்தேன். விடியற்காலையில் கொஞ்சம் குழைந்த சோறு.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. குளித்தது அவருடைய அத்தான். அப்பா தோணியில் நின்று கயிறு பிடித்தவர். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, சிப்பி கிடக்கும் பாருக்கு ஆள் இறங்கிவிட்டால் மேலே இருப்பவனுக்குக் கயிறு மட்டும்தான் தெரியும். ஒரு நிமிஷம், அல்லது கொஞ்சம் கூடுதலாக. கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அசைய வேண்டிய நேரத்தில் அசையாவிட்டாலும் இழுக்க வேண்டும். அதனால்தான் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பார்கள்.

"எங்க அக்கா தாலி என் கையில இருக்குன்னு நெனச்சுக்கிட்டே நிப்பேன்" என்றார் அப்பா. "இது வாயில்லாச் சீவன். கீழ கெடக்கு. நீதான் கயிறு பிடிக்கிறவ. கண்ண எடுத்துராத."

எதைப் பார்ப்பது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 101இலிருந்து 102.5 டிகிரி வரை நாய்க்கு இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்றால் அதற்குச் சுகம். 103ஐத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். வயிறு உப்பினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டாலும் அப்படியே. தையலைச் சுற்றி லேசான சிவப்பும் தடிப்பும் இருக்கலாம். நாளுக்கு நாள் அது குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் கேள்வி. நான் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே இடத்தில் படுக்க வைத்துச் செல்போனில் படம் எடுத்தேன். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஞாபகம் ஏமாற்ற முடியாது. இதையெல்லாம் விட எனக்கு நிம்மதி தந்தது தண்ணீர்ச் சட்டி. மூன்றாம் நாள் அது பாதிக்கு மேல் நிறைந்தே இருந்தது. தாகம் அடங்கிவிட்டது என்றால் உள்ளே விஷம் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை கொடியேற்றம். எங்கள் கோயிலில் கொடி ஏறும்போது துறைமுகத்துக் கப்பல்களின் சங்கு ஒலிக்கும், வெடி வெடிக்கும். ஊரே மகிழ்கிற அந்த நேரத்தை இந்த ஒரு வருஷம் நான் பயந்துகொண்டு எதிர்பார்த்தேன். பின்கட்டு அறையில் ஜன்னலை அடைத்து, ஃபேனை வேகமாக வைத்து, அவள் கழுத்தோடு கழுத்தாகப் படுத்துக்கொண்டேன். முதல் வெடிக்கே துள்ளினாள். அந்தத் துள்ளல்தான் ஆபத்து. மேல்தோல் பத்து நாளில் கூடிவிடும். அடியில் வயிற்றுச் சுவர் பழைய பலத்துக்கு வர வாரக்கணக்காகும். அது விட்டுப்போனால் குடல் பிதுங்கிவிடும். அதனால் படி ஏற விடவில்லை, திண்ணையிலிருந்து குதிக்க விடவில்லை. பிறந்ததிலிருந்து கட்டாமல் வளர்ந்தவளை முதல்முறையாகச் சின்னக் கயிற்றில் பிடித்து, ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும் வாசலுக்குக் கூட்டிப்போனேன். முதல் இரண்டு நாள் மலம் போகவில்லை, அது சகஜம். மொசைக்கில் கால் வழுக்காமல் இருக்க அறையிலிருந்து வாசல் வரை அரிசிச் சாக்கு விரித்தோம். ஊரில் உப்புச் சாக்குதான் சுலபமாகக் கிடைக்கும். அதை வேண்டாம் என்றேன், புண்ணில் உப்பு படும்.

ஈதான் எங்கள் கரையின் பெரிய பகை. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்களாம். ஈ மொய்த்து, புழு சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவி முத்தெடுப்பார்கள். அப்பாவுக்கு அந்த நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கிறது. அதே ஈ இன்று கருவாட்டுக் களத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் இருக்கிறது. ஈரமான புண்ணில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் இங்கே உண்டு. அது தசையை எரித்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைத்து, ஈ அண்டாத ஸ்ப்ரேயை டாக்டர் சொன்னபடி தையலைச் சுற்றி அடித்தேன். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிற மாதம் என்பதால் காற்று அடிக்கும் பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லை. குளிப்பாட்டவும் இல்லை.

பக்கத்து வீட்டு மைனி கை நிறைய மஞ்சளோடு வந்தார். "ஏட்டி, இத வச்சுக் கட்டு, ரெண்டு நாள்ல ஆறிரும்." அவர் பிரியத்தில் குறையில்லை. ஆனால் தையல் போட்ட புண் மூடிய புண். அதன்மேல் பொடி அப்பினால் கசிவும் சிவப்பும் கண்ணுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய் எதுவும் போடவில்லை. உலர்ந்து கிடப்பதுதான் அதற்கு மருந்து.

எங்கள் கடற்கரையில் ரோச் என்ற பெயர் நிறையப் பேருக்கு உண்டு. கொள்ளைநோயில் ஒதுக்கப்பட்ட புனித ரோச்சுக்கு ஒரு நாய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததாகவும், அவர் புண்ணை நக்கி ஆற்றியதாகவும் கதை. சுரூபத்திலும் காலடியில் நாய் இருக்கும். அந்த அன்பு உண்மை. ஆனாலும் ஆபரேஷன் புண்ணுக்கு நாயின் நாக்கு ஆகாது. வாயில் கிருமி உண்டு, நக்க நக்கத் தையல் இழுபடும், ஈரத்துக்கு ஈ வரும். கழுத்தில் மாட்டுகிற கோன் அதற்குத்தான். நாலாம் நாள், நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கழற்றிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு தையலைப் பிடுங்கியிருந்தாள். நல்லவேளை, மேல்தோல் தையல்; டாக்டர் மறுபடி போட்டார். அதன்பிறகு கோனோடு அப்பாவின் பனியனும் சேர்ந்தது. முன்கால்களைக் கைத்துளையில் விட்டு, கீழ்விளிம்பை முதுகுக்கு மேல் முடிச்சுப் போட வேண்டும். ஒன்றுக்குப் போகும்போது அவிழ்த்துவிடலாம். தினமும் துவைத்த பனியன்.

சாப்பாட்டில் சிரமமில்லை. எலும்பில்லாத கோழி, முள் நீக்கிய மீன், குழைந்த சோறு. குழம்பு ஊற்றவில்லை, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திருவிழாவுக்கு வந்த உறவுகள் மக்ரூன் பொட்டலத்தோடு வந்து அவளுக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கி மேலே வைத்துவிட்டேன். மாத்திரை அவித்த முட்டைக்குள் போனது. கிருமிக்கான மாத்திரையை அவள் தேறிவிட்டாள் என்று பாதியில் நிறுத்தவில்லை. வலிக்கு டாக்டர் தந்தது மட்டும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. நம் பாராசிட்டமால், இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் நாய்க்கு விஷமாகிவிடும். இதில் டைக்ளோஃபினாக், கால்நடைகளின் சடலம் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால் 2006இல் இந்தியாவில் கால்நடை மருந்தாகவே தடை செய்யப்பட்டது.

ராத்திரிகளில் தெருநாய்களை நினைத்துக்கொள்வேன். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கியது. இன்றைய விதிப்படி பொதுவாகப் பிடித்த இடத்திலேயே அவற்றைத் திரும்ப விட வேண்டும். காதில் சின்ன வெட்டோடு நடக்கிற ஒவ்வொரு பெண் நாயும் இதே ஆபரேஷனைத் தாண்டி வந்தது. கூண்டில் கிடக்கிற நாட்களில் யாரோ ஒருவர் அதற்கும் ஈ விரட்டியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5 பெருவிழா. மறுநாள் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த தெரு வழியாகத் தையல் பிரிக்கப் போனோம். ஒவ்வொரு நூலாக டாக்டர் வெட்டி இழுத்தபோது அவள் என் முழங்கையில் முகம் புதைத்து நின்றாள். மறுபடி போட்ட இரண்டை மட்டும் நாலு நாளைக்கு விட்டுவைத்தார். இன்னும் இரண்டு வாரம் ஓட்டமும் தாவலும் வேண்டாம் என்றார். அப்பா காலண்டரில் ஆகஸ்ட் 20ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

அந்த வட்டம் தாண்டி இரண்டு நாள் கழித்துக் கரைக்குக் கூட்டிப்போனோம். வள்ளத்தைப் பார்த்ததும் ஓடியவள், பக்கத்தில் போய் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி, அவள் வயிற்றில் கை படாமல் நெஞ்சிலும் தொடையிலும் தாங்கித் தூக்கி உள்ளே விட்டான். முன்பக்க அணியத்தில் ஏறி நின்று காற்றை முகர்ந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் தூக்கியே விடுலே" என்றார் அப்பா.