கெவலாரும் மருதமடுவும்: உள்ளங்கையளவு படமொன்றின் வரலாறு

யேர்மனியின் வடமேற்கு மூலையில், நெதர்லாந்து எல்லையை அண்டிக் கிடக்கும் சிற்றூர் கெவலார். ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் இவ்வூரின் வீதிகளில் தமிழே ஒலிக்கும். யேர்மனியின் நகரங்களிலிருந்தும், அயல் நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் ஈழத்தமிழர் பேருந்துகளில் வந்திறங்குவர். பட்டுச்சேலையும் மல்லிகைச்சரமுமாக வரும் பெண்களுள் நெற்றியில் திருநீறு அணிந்தோரும் உளர். 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. பலர் இவ்விடத்தை 'எங்கள் மடு' என்றே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்ற பேருந்தில், இந்நாட்டிலேயே பிறந்த சிறுமியொருத்தி தன் பேத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மம்மா, மடு மாதா கெவலாரிலிருந்தா ஊருக்குப் போனவா?" பேருந்தில் இருந்தோர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்கு யாரும் விடை கூறவுமில்லை. அதற்குரிய விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

கெவலாரில் மக்கள் வணங்குவது பொற்சிலையன்று. கடதாசியில் அச்சிட்ட செப்புத்தகட்டுப் படம் ஒன்று. அகலம் 7.5 சென்ரிமீற்றர், உயரம் 11 சென்ரிமீற்றர்; உள்ளங்கையில் அடங்கிவிடும். குழந்தையை ஏந்தி, அகன்ற மேலாடையுடன் நிற்கும் அன்னையின் பின்னே இலக்சம்பேர்க் நகரம் தெரியும். அந்நகரில் 1624ஆம் ஆண்டளவில் இயேசுசபையினர் தொடக்கிய பக்தியின் சின்னம் இது. கொள்ளைநோயும் போரும் மக்களை வாட்டிய அக்காலத்தில், அன்னைக்கு வழங்கிய பட்டம் 'கஸ்திப்படுவோரின் தேற்றரவு' என்பதாகும். சிலையைக் காண வர இயலாதோருக்காக அதன் உருவம் படமாக அச்சிடப்பட்டு ஊர்தோறும் பரவியது.

முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. கெவலாரும் தப்பவில்லை. 1635ஆம் ஆண்டில் படையினர் இவ்வூர் மக்கள் பலரைக் கொன்றனர். எஞ்சியோர் வறுமையில் உழன்றனர். இந்நிலையில், 1641ஆம் ஆண்டு நத்தார் காலத்தில், ஹென்றிக் புஸ்மன் என்ற ஏழை நடைவியாபாரி இவ்வூர் வெளியில் நின்ற பாதையோரச் சிலுவையின் முன் முழந்தாளிட்டபோது, அவ்விடத்தில் தனக்கொரு சிற்றாலயம் எழுப்புமாறு அன்னையின் குரல் பணித்ததென மரபு கூறுகின்றது. அக்குரலை அவர் மும்முறை கேட்டாராம். அவர் அன்றாட வருவாயில் சிறிது சிறிதாகச் சேமிக்கலானார்.

பின்னர் ஓரிரவில் அவர் மனைவி மெஹெல், பேரொளியிடையே ஒரு சிற்றாலயத்தையும் அதனுள் ஒரு படத்தையும் கண்டார். சில நாட்களின் முன் இரு படைவீரர் தம்மிடம் விற்க முயன்ற படமே அது என்பதை அவர் அறிந்துகொண்டார். விலை கட்டாதென அன்று அவர் வாங்காது விட்டிருந்தார். தேடிப் பெற்ற அப்படத்தை 1642ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள் பங்குக்குரு புதிய சிற்றாலயத்தில் வைத்தார். அன்று தொட்டு மக்கள் திரளலாயினர். 1647இல் வென்லோ நகரில் கூடிய திருச்சபை மன்றம் விசாரித்து இப்பக்தியை ஏற்றது. 1654இல் படத்தைச் சுற்றி அறுகோண ஆலயம் எழுந்தது. அதனருகே அதற்கு முன்னரே கட்டப்பட்ட மெழுகுதிரி ஆலயம் இன்றும் நிற்கின்றது.

இங்குத் திரண்டோர் யாவர் என்பதே எமது சிந்தனைக்குரியது. ஸ்பானிய மன்னரின் ஆட்சியிலிருந்த இப்பகுதியில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடையில்லை. எல்லைக்கு அப்பால், ஒல்லாந்துக் குடியரசில், கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடுதல் தடுக்கப்பட்டிருந்தது. வீட்டறைகளில் மறைந்து வழிபட்ட அவர்கள், எல்லை கடந்து இந்தக் கடதாசிப் படத்தின் முன் வந்து உரத்துப் பாடினர். சொந்த நாட்டில் மறுக்கப்பட்டதை அயல் மண்ணில் செய்வதற்காக எல்லை கடந்தோரை, கெவலார் தன் தொடக்க நாள் முதலே கண்டிருக்கின்றது.

அதே ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் தம் ஆலயத்து அன்னையின் சிலையைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. ஒரே அரசின் கெடுபிடி, ஐரோப்பாவில் கெவலாருக்கும் ஈழத்தில் மடுவுக்கும் அடியார்களை அனுப்பிற்று. இத்தொடர்பு தற்செயலானதே, எனினும் மெய்யானது.

மருதமடுவின் பின்வரலாற்றை எம்மவர் அறிவர். 1687இல் இரகசியமாக யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவைக் குரு யோசவ்வாஸ் அடிகள் நலிந்திருந்த திருச்சபைக்கு உயிரூட்டினார். 1872இல் பொஞ்ஜோன் ஆயர் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் திருத்தந்தையின் பெயரால் சிலைக்கு முடி சூட்டப்பட்டது. பாம்புக்கடிக்கு மருந்தென மடு மண்ணைச் சைவரும் பௌத்தரும் எடுத்துச் சென்றனர்.

1990ஆம் ஆண்டின் பின் மடு மீண்டும் அகதிகளின் காடாயிற்று. பல்லாயிரவர் ஆலய வளவில் குடிசை கட்டினர். நாமும் சில கிழமைகள் அங்கொரு பாலைமரத்தின் கீழ் தங்கினோம். விரிவுரைக் குறிப்புகள் கொண்ட பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்த அவ்விரவுகளில், அடுத்த குடும்பத்தார் செபமாலை சொல்ல, சைவர்களாகிய நாமும் உடன் முணுமுணுத்தோம். 1999 நவம்பரில் அவ்வளவில் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்தோருள் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்ட செய்தியை இங்கிருந்தே கேட்டோம். 2008 ஏப்ரலில் போர் நெருங்கவே, குருமார் சிலையைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். 338 ஆண்டுகளின் பின் அன்னையும் மீண்டும் இடம்பெயர்ந்தாள். அவ்வாண்டு ஓகஸ்டில் சிலை மடுவுக்குத் திரும்பியது. சிலையைச் சூழ்ந்து நின்ற மக்களுள் திரும்பாதோர் பலர்.

ஆகவே, பேருந்தில் கேட்ட அச்சிறுமிக்கு எமது விடை இதுவே. மகளே, மடு மாதா கெவலாரிலிருந்து போனவள் அல்லள். மாந்தையிலிருந்து, உயிருக்கு அஞ்சி ஓடியவர்களின் கைகளில் காட்டுக்குப் போனவள். கெவலார்ப் படமும் போர்க்காலத்தில் படைவீரர் கைமாறி வந்ததுதான். இரண்டையும் காத்தோர் வறியவர்களே. உன் அம்மம்மா இங்கே மெழுகுதிரி ஏற்றும்போது இரு ஊர்களையும் நினைக்கிறார். ஓர் ஊரின் பெயரையாவது நீ பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

மாலையில், திருப்பலி முடிந்த பின், முதியவள் ஒருத்தி மெழுகுதிரிகளின் முன் நெடுநேரம் நின்றாள். காணாமற்போன மகனுக்காக எனப் பின்னர் அறிந்தோம். பேருந்துச் சாரதி இருமுறை ஒலியெழுப்பினார். அவள் அசையவில்லை. எவரும் அவளை விரைவுபடுத்தவுமில்லை.