நாடி சொல்லும் வேகம்

"உடல் பருத்துவிட்டது, சர்க்கரையும் எட்டிப் பார்க்கின்றது" என்று மருத்துவர் எச்சரித்த மறுநாளே காலணி வாங்கி ஓடத் தொடங்குவோர் நம்மில் பலர். முதல் நாளே மூச்சிரைக்க ஓடுவர். நான்காம் நாள் முழங்கால் வலிக்கும். பத்தாம் நாள் காலணி அலமாரிக்குள் சென்றுவிடும். குறை அவர்களுடைய மன உறுதியில் இல்லை, வேகத்தில் இருக்கின்றது.

இந்தத் தவறு பெரிய வீரர்களையும் விட்டுவைத்ததில்லை. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன்பின் 42 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை ஒரே நாளில் முடிக்க வேண்டிய கடும் போட்டி ஹவாய்த் தீவின் 'அயர்ன்மேன்'. அதில் பெயர் பெற்ற அமெரிக்கர் மார்க் ஆலன், தொடக்கத்தில் எந்நாளும் முழு வேகத்தில் ஓடிக் களைப்பையும் காயத்தையும் தேடிக்கொண்டவர்தாம். பிலிப் மாஃபடோன் என்பவர் அவருக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தார்: பயிற்சியில் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 155ஐத் தாண்டக்கூடாது. அவ்வரம்புக்குள் ஒரு மைல் ஓட ஆலனுக்கு எட்டு நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. வீரர் ஒருவருக்கு அது நாணத்தக்க வேகம்! பொறுத்துக்கொண்டார். ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின், அதே 155 துடிப்பில் ஒரு மைலை ஐந்தரை நிமிடத்திற்குள் ஓடினார். 1989 முதல் 1995 வரையிலான காலத்தில் ஆறு முறை அப்போட்டியை வென்றார்.

மெதுவான நெடிய ஓட்டத்தில் தசைகளைச் சுற்றி இரத்த நுண்குழாய்கள் பெருகுகின்றன. தசைக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகின்றது. ஆகவே அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதுமானதாகின்றது.

கொழுப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. உடற்பயிற்சிக் கூடத்து இயந்திரங்களில் 'கொழுப்பு எரியும் எல்லை' என்று குறித்திருப்பார்கள். மெதுவாக ஓடும்போது எரியும் சக்தியில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது மெய்யே. ஆனால் நிமிடக் கணக்கில் மொத்தச் செலவு குறைவு. 70 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓடினால், வேகம் எதுவாயினும் ஏறத்தாழ 350 கலோரியே செலவாகும். வலீமா விருந்தின் ஒரு தட்டுப் பிரியாணி அதனை எளிதில் விஞ்சிவிடும்! பின் மெதுவாக ஓடுவானேன்? மெதுவாக ஓடுபவரால்தான் நெடுநேரம் ஓட முடியும், நாளையும் ஓட முடியும். பல மாதங்களில் எடையைக் குறைப்பது அந்த மொத்தக் கணக்கே, அதுவும் உணவு கட்டுக்குள் இருந்தால்.

நம் எல்லையை அறிவது எவ்வாறு? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்பது பழைய கணக்கு. 45 வயதினருக்கு அது 175. அதில் 60 முதல் 70 விழுக்காடு, அதாவது 105 முதல் 122 வரை, எளிய ஓட்டத்திற்குரிய எல்லை என்பர். பின்லாந்து அறிஞர் கார்வோனன் பெயரால் வழங்கும் முறை ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் கொள்கின்றது. ஓய்வில் 75 எனில், 175இலிருந்து அதைக் கழிக்க 100 மிஞ்சும். அதில் பாதியை 75உடன் கூட்டினால் 125. இரு கணக்கும் ஒத்துவரவில்லையே என்று குழம்ப வேண்டாம். உச்சத் துடிப்பே ஒரே வயதினரிடையில் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும். ஐயம் எழுந்தால் மூச்சைக் கேளுங்கள். உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொற்கள் துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள்.

விலையுயர்ந்த கைக்கடிகாரம் இல்லாதவர் சற்றே நின்று, மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கலாம். பருத்த உடலினருக்கு மொட்டை மாடியில் விரைந்து நடப்பதே இந்த எல்லையை எட்டச் செய்துவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய வசதி.

வெயிலிலும் புழுக்கத்திலும் அதே வேகத்திற்குத் துடிப்பு ஏறும். அன்று நடையாகக் குறைத்துக்கொள்வது தோல்வியன்று. இரத்த அழுத்தத்திற்காக 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை உட்கொள்வோருக்குத் துடிப்பு வழக்கமான அளவு உயராது என்பதால் மேற்சொன்ன கணக்குகள் பொருந்தா. அவர்களும், இதய நோயும் நீரிழிவும் உடையோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஓடுகையில் நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்க.

வாரம் ஒருமுறை, படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணி நாட்காட்டியில் குறித்து வாருங்கள். சில மாதங்களில் அந்த எண் மெல்ல இறங்குவதைப் பலரும் காண்பர். எடை பார்க்கும் கருவியில் மாற்றம் தெரியாத வாரங்களிலும் அது இறங்கக்கூடும்.