புலவர்தம் ஏடுகளும் குறிப்புகளும்

ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறுங்காலத்து அவர்தம் நூல்கள் யாரைச் சேர்தல் வேண்டும் என்பது ஆராய்தற்குரியது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் போன்ற மடங்களில் இவ்வினா எழுவதில்லை. ஏடுகள் மடத்துடைமையாய் அடுத்த தலைவரைச் சாரும். கல்லூரி ஆசிரியர்க்கோ அத்தகைய வழிமுறை இல்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1919இல் மாநிலக் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக விளங்கினார். 1942இல் அவர் மறைய, மறு ஆண்டே அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் எழுந்தது. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர்தம் நூல்நிலையம் 1958இல்தான் திறக்கப்பெற்றது. வையாபுரிப் பிள்ளையவர்கள் நூல்கள் கல்கத்தாத் தேசிய நூலகம் புகுந்தன. பேணப்பெற்றமை நன்றே, ஆயினும் சிதம்பரத்து மாணவர்க்கு அவை சேய்மையவாயின.

அச்சு நூலைப் பிறிதோரிடத்தும் பெறலாம். அதன் ஓரத்தே ஆசிரியர் எழுதிய பாடவேறுபாடும், 'இவ்வுரை பொருந்தாது' என்னும் ஐயக்குறிப்பும் பெறலாகா. நூலகத்தார் பெயர்ப்பட்டியை நோக்கி, முன்னரே ஒரு படி உளதாயின் புதுவரவை மிகைப்படியென விலக்குதல் வழக்கம். அங்ஙனம் விலக்குவார் நாற்பதாண்டு ஆசிரியப் பயிற்சியையே விலக்குகின்றனர் எனலாம்.

ஆதலின், பொதியை ஒப்படைக்குமுன் மூன்று செய்தல் வேண்டும்: குறிப்புள்ள படிகளைத் தனியே பிரித்தல், சுவடி ஒவ்வொன்றும் எவ்வூரினின்று, யாரிடமிருந்து வந்தது எனப் பதிதல், தாம் கையாண்ட சுருக்கக் குறிகளை விளக்குதல். மூன்றாவதனை ஆசிரியரன்றிப் பிறர் செய்தல் இயலாது. அவர் உளராகவே, மாணவர் ஒருவர் உடனிருந்து கேட்டெழுதிக்கொள்ளுதல் தகும்.