பெயரா, பொருத்தமா?
பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து நகரத்திற்கு வந்த நாம், பிள்ளைகளின் கல்லூரியைத் தெரிந்தெடுக்கையில் அதன் புகழையே முதலில் நோக்குகிறோம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்த பின்னும், அக்கிராமங்களுக்கு இருபுறமும் வாசல் உண்டு. ஒருபுறம் 1866-இல் தோன்றிய திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரி. மறுபுறம் 1893-இல் கல்லூரியாக உயர்ந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டும் பழம்பெருமை வாய்ந்தவை. ஆயினும் பெருமை பாடம் நடத்துவதில்லை. பிள்ளை விரும்பும் பாடம் அங்குண்டா? வகுப்பின் மொழி அவனுக்கு விளங்குமா? செலவு கடனின்றி நடக்குமா? ஆராதிக்கச் சபை அருகிலுண்டா? யோர்தானின் செழிப்பைக் கண்டு தெரிந்துகொண்ட லோத்து, இறுதியில் யாவற்றையும் இழந்தான். ஆகவே ஜெபியுங்கள், பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள், அதன்பின் விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள்.