பிழைக்கப் போன இடத்தில் போர் மூண்டால்...

பொழிச்சலூரில் குடியிருப்பவனுக்கு விமானம் ஒரு வியப்பன்று. மீனம்பாக்கம் விமான நிலையத்து மதிலுக்கு அடுத்த ஊர் இது. கூரைக்கு மேல் அது இரைந்துகொண்டு ஏறும்போது பேச்சை நிறுத்துவதும், போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இவ்வூரார் பழக்கம். ஆனால், அந்த விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பவன் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே?

சீமான் மட்டுமா போகிறான்? பம்மலில் வெல்டிங் பட்டறையில் நின்றவன் போகிறான். அனகாபுத்தூரில் கொத்து வேலை பார்த்தவன் போகிறான். பல்லாவரத்தில் வண்டி ஓட்டியவன் போகிறான். மருத்துவமனையில் இரவு முறை பார்த்த நர்சுப் பெண் போகிறாள். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டு கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

போகிற நாடு என்றும் அமைதியாக இருக்கும் என்று எவர் உறுதி தர முடியும்? 1990-ல் குவைத் எரிந்தது. 2011-ல் லிபியா. 2014-ல் இராக். 2015-ல் ஏமன். 2022-ல் உக்ரைன். 2023-ல் சூடானும் இஸ்ரேலும். ஒவ்வொரு முறையும் அந்த நெருப்புக்கு நடுவே நம்மவர்கள் நின்றார்கள்.

"போகாதே" என்று புத்தி சொல்வது எளிது. வயிறு நிறைந்தவன் சொல்லலாம். வட்டிக்காரன் வாசலில் நிற்கிறவனுக்கு அது பயன்படாது. ஆகவே நாம் சொல்வது வேறு. போர் நடக்கும் நாட்டில் ஏழையைக் குண்டு மட்டும் கொல்வதில்லை. அழுக்குத் தண்ணீர் கொல்கிறது. கையில் இல்லாத கடவுச்சீட்டு கொல்கிறது. தலைமேல் இருக்கும் கடன் கொல்கிறது. குண்டை நிறுத்தும் ஆற்றல் நம்மிடம் இல்லை. மற்ற மூன்றையும் நிறுத்த நம்மால் முடியும்!

பர்மா நடை

இது நேற்று முளைத்த தொல்லை அன்று. நம் பாட்டன்மார் இதை நடந்தே பார்த்தவர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு பொழிந்தன. வானத்தில் பளபளத்துப் பறப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றவர்கள் ஏராளம். நின்ற இடத்திலேயே மாண்டவர்களும் ஏராளம். 1942 மார்ச் 8-ல் ரங்கூன் வீழ்ந்தது. அரிசி ஆலையிலும், துறைமுகத்திலும், வயலிலும் உழைத்துக் கிடந்த தமிழரும் தெலுங்கரும் மற்ற இந்தியரும் லட்சக்கணக்கில் நடக்கத் தொடங்கினர். மலை ஏறி அரக்கான் கரைக்கு ஒரு கூட்டம். தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு கூட்டம். ஹூக்காங் பள்ளத்தாக்கின் காட்டுவழியே அசாமுக்கு ஒரு கூட்டம்.

அவர்களை வழியில் வீழ்த்தியது எது? அரக்கான் பாதையில் காலரா. காட்டுப் பாதையில் மலைக்காய்ச்சலும் சீதபேதியும் பட்டினியும். பல்லாயிரம் பேர் ஊர் திரும்பவில்லை. வெள்ளையனுக்கு நல்ல வழி, இந்தியனுக்கு வேறு வழி என்று பாகுபாடு நடந்ததாக அந்நாளிலேயே நாடெங்கும் ஆத்திரம் எழுந்தது. குண்டுக்குத் தப்பியவன் குடித்த தண்ணீருக்குத் தப்பவில்லை. இதுதான் பர்மா நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பாடம்.

பாட்டன் காலத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஏமனில் போர் மூண்ட பிறகு, 2017 முடிவதற்குள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காலரா என்று ஐயுறப்பட்டது. குழாய் உடைந்தால், மின்சாரம் நின்றால், கழிவுநீரும் குடிநீரும் கலந்தால், இருபதாம் நூற்றாண்டென்ன, இருபத்தோராம் நூற்றாண்டென்ன?

உப்பும் சர்க்கரையும்

இந்தக் கொடுமைக்கான மாற்று பெருங்கூட்டத்தில் மெய்ப்பிக்கப்பட்டது ஒரு போர்க்காலத்தில்தான். மெய்ப்பித்ததும் நம் நாட்டில்தான். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் பொங்காவ்ன் முகாமில் காலராவால் மடிந்தனர். நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாயில் கரைத்து வைத்து, உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் மறைந்தார். அவர் கொடுத்த முறை உலகெங்கும் வாழ்கிறது.

ஆகவே மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர்; தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை; அரைக் கரண்டி உப்பு. வயிற்றுப்போக்கு கண்டால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் குடிக்க வேண்டும். உப்பைக் கூட்டக் கூடாது, அது தீங்கு. வெளிநாடு போகிறவன் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டில் இருக்கிறது; அதற்குப் பக்கத்தில் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும்.

தண்ணீர் எப்படிச் சுத்தமாகும்? கலங்கலாக இருந்தால் மடித்த துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். அடுப்பு இல்லையா? குளோரின் மாத்திரை இருந்தால் அதன் மேலுறையில் சொன்னபடி போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். அதுவும் இல்லையா? வடிகட்டிய நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, கொளுத்தும் வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால் பெரும்பாலான கிருமிகள் சாகும். பாலைவன நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? சண்டை நெருங்குகிறது என்ற சேதி வந்தவுடன் குடத்தையும் வாளியையும் நிரப்புங்கள். உக்ரைன் நாட்டுச் சுமி நகரில் 2022 மார்ச்சில் சிக்கிய நம் மாணவர்கள் குழாய் வற்றியதும் பனிக்கட்டியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள்!

கடவுச்சீட்டு யார் பெட்டியில்?

இரண்டாவது எதிரிக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 2-ல் இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒரே நாளில் முதலாளிகள் ஓடினார்கள். தொழிலாளியின் கடவுச்சீட்டு அவர்கள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வங்கி மூடியது. சேர்த்து வைத்த குவைத்துக் காசைச் செல்லாதென்று அறிவித்தான் படையெடுத்தவன். பாஸ்ரா, பாக்தாத் வழியே ஜோர்தான் நாட்டு அம்மான் வரை சாலை வழிப் பயணம்; எல்லையில் பாலை மணலில் கூடாரம்; தண்ணீருக்கு வரிசை.

அங்கே காத்தது எது? கூட்டம் காத்தது! குவைத்திலிருந்த இந்தியர் தாமே குழு அமைத்தனர், பெயர்ப் பட்டியல் எழுதினர், உணவைப் பகிர்ந்தனர், பேருந்து பிடித்தனர். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஏர் இந்தியா 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஊர் சேர்த்தது. விமானத்தைப் புகழ்கிறவர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலையும் புகழ வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தானே விமானத்தில் இடம்!

பட்டியலில் பெயர் இல்லாதவன் கதை எப்படி முடியும்? 2014 ஜூனில் இராக்கின் மொசூல் நகரில் இந்தியக் கட்டடத் தொழிலாளிகள் 40 பேரைக் கொடியவர்கள் பிடித்துச் சென்றனர். ஒருவர் தப்பினார். 39 பேர் கொல்லப்பட்டனர் என்பது நாடாளுமன்றத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டது 2018 மார்ச் 20-ல். ஏறத்தாழ நான்காண்டு அவர்கள் குடும்பங்கள் வாசலைப் பார்த்துக் கிடந்தன. முறையற்ற ஏஜெண்டு வழியே போனவர்கள், தூதரகத்தில் அவர்களைப் பற்றிய பதிவே இல்லை என்று பின்னர் ஒரு மத்திய அமைச்சர் சொன்னார். பதிவு இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. பதிவில்லாதவனைத் தேடுவது இருட்டில் துழாவுவது என்கிறோம்.

ஆகவே, இறங்கிய வாரமே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள். கடவுச்சீட்டை முதலாளி கேட்டால் பார்க்கக் கொடுக்கலாம். வைத்துக்கொள்ளக் கொடுக்கக் கூடாது. பிடுங்கிக் கொள்வான் என்ற நிலை இருந்தால், அதன் நகலும் விசாவின் நகலும் கையிலும் இருக்கட்டும், பொழிச்சலூர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும். கைத்தொலைபேசி சாகும், காகிதம் சாகாது. தூதரகத்து எண்ணையும் வீட்டு எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ஒன்பது நாள்

மூன்றாவது எதிரி கடன். இதுதான் மறைந்திருந்து குத்தும் எதிரி. உக்ரைனிலிருந்த இந்தியர், குறிப்பாக மாணவர், தற்காலிகமாகவேனும் வெளியேறலாம் என்று தூதரகம் அறிவித்தது 2022 பிப்ரவரி 15-ல். குண்டு விழுந்தது பிப்ரவரி 24-ல். அன்றே வான்வழி மூடியது. இடையில் இருந்தது ஒன்பதே நாள்! அந்த ஒன்பது நாளில் பலர் ஏன் புறப்படவில்லை? டிக்கெட் விலை ஏறியது; கட்டிய பணம் வீணாகுமே என்ற கவலை; வகுப்பு போய்விடுமே என்ற அச்சம். மாணவருக்கே இந்த நிலை என்றால், மூன்று மாதச் சம்பளம் பாக்கியும், ஊரில் வட்டிக் கடனும் உள்ள தொழிலாளி எப்படிப் புறப்படுவான்? "அடுத்த மாதம் போகலாம்" என்பான். கடன் அவனைக் குண்டுக்குக் கீழே நிறுத்தி வைக்கிறது.

முதல் எச்சரிக்கை வந்தவுடன், பயணிகள் விமானம் பறக்கும்போதே புறப்பட்டு விடுவதுதான் பெரிய பாதுகாப்பு. அதற்குத் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தை, என்ன முடை வந்தாலும் தொடாமல், தனியே முடிந்து வைக்க வேண்டும். அது செலவுப் பணம் அல்ல, உயிர்ப் பணம்.

குண்டு விழுந்தால்

அப்படியும் சிக்கிக்கொண்டால்? இந்தக் கல்வியில் ஈழத்துத் தமிழர் நமக்கு ஆசான்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டு முற்றத்தில் பதுங்குகுழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்துப் பிள்ளைகளைக் காத்தார்கள். குழி வெட்ட இடமில்லாத நகரத்தில் நிலவறையே குழி. அதுவும் இல்லையென்றால், சன்னல் இல்லாத உள்ளறை. வெளிச்சுவருக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு சுவராவது இருக்க வேண்டும். திறந்த வெளியில் சத்தம் கேட்டால் ஓடாதீர்கள். பள்ளமான இடத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் கையால் மூடுங்கள். வேடிக்கை பார்க்க மாடி ஏறாதீர்கள். ரங்கூனை நினைத்துக் கொள்ளுங்கள்.

கீழே கிடக்கும் இரும்பு எதுவானாலும் தொடாதீர்கள். சண்டை ஓய்ந்த வயலில் மிதிவெடி ஓய்வதில்லை. பலர் நடந்த பாதையில் மட்டும் நடங்கள். படைவீரனையும் பாலத்தையும் படம் எடுக்காதீர்கள். சோதனைச் சாவடியில் அந்தப் படமே உங்களை ஒற்றனாக்கும். பட்டாளத்து நிறத்தில் சட்டை வேண்டாம். கூட்டம் திரளும் வரிசையில் நெடுநேரம் நிற்பதும் ஆபத்து. 2022 மார்ச் 1-ல் கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் உணவுப் பொருள் வாங்கப் போன இடத்தில்தான் உயிரிழந்தார். 2024 மார்ச் 4-ல் இஸ்ரேலின் வட எல்லையில் கேரளத் தொழிலாளி ஒருவரைப் பழத்தோட்டத்தில் ஏவுகணை கொன்றது. வேலைக்கு அழைக்கும் இடம் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

புறப்படுமுன்

ஏஜெண்டின் பேச்சை நம்பாதீர்கள்; பதிவைப் பாருங்கள். 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள்! உதவியாள் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு உக்ரைன் போர்முனையில் மாண்ட செய்தி 2024-ல் நாட்டையே உலுக்கியது. காப்பீட்டுத் தாளில் போரினால் வரும் சாவுக்குப் பணம் உண்டா இல்லையா என்ற வரியையும் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் இல்லை என்றே இருக்கும்.

உடம்புக்கும் முன்னேற்பாடு வேண்டும். தசைவிறைப்பு ஊசி போட்டுக் கொள்ளுங்கள். சூடான் போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்குப் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்தைப் பெட்டியில் அல்ல, கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். டாக்டர் சீட்டும் உடன் இருக்கட்டும். இங்கே கடையில் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் தடை செய்யப்பட்டவை. சீட்டில்லாமல் கொண்டுபோனால் சிறை.

படிப்பகத்தில் ஒரு பதிவேடு

இவ்வளவையும் தனி ஆள் நினைவில் வைத்துச் செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் கிளைத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு பதிவேடு வையுங்கள். ஊரிலிருந்து வெளிநாடு போகும் ஒவ்வொருவரின் பெயர், போகும் நாடு, வேலை கொடுப்பவர் முகவரி, கடவுச்சீட்டு எண், வீட்டார் தொலைபேசி ஆகியவற்றைக் குறித்துப் பூட்டி வையுங்கள். எந்தக் கட்சிக்காரன் என்று கேட்காதீர்கள். ஒப்பந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஒரு படித்த தோழரை வாரம் ஒரு மாலை அங்கே உட்கார வையுங்கள். அந்த நாட்டில் சண்டை மூளும் சேதி நாளேட்டில் வந்த அன்றே வீட்டுக் கதவைத் தட்டி, "பிள்ளையிடம் பேசினீர்களா? டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊர் சேர்ந்து திரட்டுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் பெயர்ப் பட்டியலை முதல் நாளே அனுப்புங்கள்.

சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைக்கு ஒரு பெயரை எழுதி வைப்பதா பெரிய வேலை? ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல்தான் எத்தனையோ தாய்மார் நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பதிவேட்டை இன்றே வாங்குங்கள், தோழர்களே. முதல் பெயரை இந்த வாரமே எழுதுங்கள்!