நாய்ப் படமும் பித்தளைக் குழலும்

பழம்பொருள்களிடம் மனிதருக்கு என்றுமே ஒரு மோகம் உண்டு. அந்த மோகம் இப்பொழுது கிராமபோன் பெட்டியின்மீது விழுந்திருக்கிறது. இணையச் சந்தையைத் திறந்தால் போதும். பூவிதழ்போல் விரிந்த பித்தளைக் குழல்களும், எண்கோணப் பெட்டிகளும், அவற்றின் முகப்பில் காது கொடுத்துக் கேட்கும் நாயின் படமும் வரிசையாகக் காட்சி தருகின்றன. ஒவ்வொன்றும் நூறு வயதான அசல் என்கிறார்கள். உண்மையில் அவற்றுள் பல, மிகச் சமீபத்தில் ஒட்டிச் சேர்க்கப்பட்டவை.

சரித்திரம் சிறிது அறிந்தால் ஏமாற்றம் குறையும். எடிசன் 1877-இல் உருளையில் ஒலியைப் பதித்தார். எமில் பெர்லினர் 1887-இல் தட்டில் பதிக்கும் முறையைக் கண்டார். பிரான்ஸிஸ் பாரோ தீட்டிய நாய்ப் படத்தைக் கிராமபோன் கம்பெனி வாங்கியது 1899-இல். 1906-இல் அமெரிக்காவில் குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்த யந்திரம் வந்தபின், வெளியே நீண்ட குழலின் மவுசு மெல்லக் குறைந்தது.

பெயர்த்தகடு சாட்சி ஆகாது. அதை எவரும் அடித்துக்கொள்ளலாம். பெட்டியின் உட்புறத்தையும், மோட்டாரையும், குழலின் மூட்டையும் படம் பிடித்து அனுப்பும்படி கேட்க வேண்டும். கூட்டல் குறி வெட்டுள்ள திருகுகள் 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1910-ஆம் வருஷத்துப் பெட்டி என்பதில் அவை நிறைந்திருந்தால் சந்தேகிக்க இடமுண்டு. பெட்டியைத் தூக்கிச் செல்லும் வகையைச் சேர்ந்த பிற்காலக் கிராமபோன்களிலிருந்து மோட்டாரையும் ஒலிப்பெட்டியையும் கழற்றிப் புது மரத்தில் பொருத்துவது வழக்கமான தந்திரம். குழல் முழுவதும் கண்ணாடிபோல் மின்ன, அதைத் தாங்கும் இரும்பு முரடாக வார்க்கப்பட்டிருப்பதும் ஓர் அடையாளம். ஆயினும் ஒரே குறியைக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. அசல் பெட்டியிலும் பழுது பார்த்தவர் புதுத் திருகு போட்டிருக்கக்கூடும். பல குறிகள் ஒன்றுசேரும்போதே சந்தேகம் உறுதியாகும். உள்ளே திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

பணம் போவது மட்டுமே நஷ்டம் என்று எண்ண வேண்டாம். ஊசி தாங்கும் கை சரியான கோணத்தில் அமையாமலும் தாராளமாக அசையாமலும் இருந்தால், எஃகு ஊசி தட்டின் கோடுகளை உழுதுவிடும். 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளின் கருணையால்தான். பாட்டனார் சேர்த்துவைத்த அத்தகைய தட்டைப் போலி யந்திரத்தில் சுழற்றுவது, தேய்ந்த ஓலைச்சுவடியை மேலும் அரத்தால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். அழகுக்காக வாங்குவோர் அலங்காரப் பொருளின் விலை கொடுத்து அலங்காரமாகவே வைத்துக்கொள்ளட்டும். அருமையான தட்டுகளை அதில் வைக்க வேண்டாம். அசலிலும் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி மாற்றுவது அவசியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போலிகளுள் பெரும் பகுதி நம் நாட்டுப் பட்டறைகளில் உருவாகி, கடல் கடந்தும் விலைபோகின்றன. பித்தளைத் தகட்டை மலராக விரிக்கும் அந்தக் கை சாமானியமான கை அன்று. தன் வேலையைத் தன் பெயரால் விற்றால் எவரும் குறை கூறார். வெள்ளைக்காரக் கம்பெனியின் நாய்க்குப் பின்னால் அது ஒளிந்து நிற்பதுதான் நமக்கு வருத்தம். "இது இன்று இந்தியாவில் செய்தது" என்று துணிந்து எழுதுகிறவரிடம் வாங்குவோமாக. வாங்குவோர் அந்த நேர்மைக்கு விலை கொடுத்தால், பொய்த் தகடு அடிக்கும் வேலை தானே குறையும்.