சிலிண்டருக்குள் ஓர் அட்டவணை

ஹைட்ரோகாபன் எரிபொருள் ஒவ்வொன்றுக்கும் கொதிநிலை, ஆவியமுக்கம், வெப்பக் கொள்ளளவு, தகன வெப்பம் என்று அதற்கே உரிய எண்கள் உண்டு. பலர் அளந்த பெறுமானங்களைத் திரட்டி, முரண்படுவனவற்றைச் சலித்து, எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துப் பதிவதே வெப்ப இயக்கவியல் தரவுத்தளம். கடைசி வேலைதான் கடினம்.

கண்டியை அடுத்த ஹந்தானையின் சமையலறைகளில் உள்ள எரிவாயு சிலிண்டரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் கொதிப்பது −42 பாகை செல்சியசில், பியூட்டேன் −0.5 பாகையில். 25 பாகையில் முன்னதன் ஆவியமுக்கம் சுமார் 9.5 பார், பின்னது 2.4 பார். மூலக்கூறு எண்ணிக்கையில் 20:80 என்று கலந்தால் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 3.8 பார்; சரிபாதியாகக் கலந்தால் 6 பாருக்குக் கிட்ட. 2021 இறுதியில் இலங்கையில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்துப் பதிவானபோது நாடே பேசியது இந்த விகிதத்தைப் பற்றித்தான். சிலிண்டர் தீரும் தறுவாயில், அதுவும் குளிர்ந்த விடியலில், அடுப்பு மந்தமாக எரிவதற்கும் காரணம் இதுவே: புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிட, எஞ்சுவதில் பியூட்டேனே மிகுதி.

இத்தகைய எண்களை முறையாகத் தொகுக்க அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் 1942இல் தன் 44ஆம் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. வழிநடத்தியவர் பிரெடரிக் ரொசினி. இன்று அந்த மரபு அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடர்கிறது.

எல்லாவற்றையும் அளந்து முடிக்க வழியே இல்லை. 10 காபன் அணுக்கள் கொண்ட அல்கேனுக்கு 75 சமபகுதியங்கள். 20 காபனுக்கு 3,66,319. ஆகவே விடுபட்ட இடங்கள் கணிப்பால் நிரப்பப்படுகின்றன. நேர்ச்சங்கிலி அல்கேன்களில் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் கூடும்போதெல்லாம் தகன வெப்பம் மோலுக்குச் சுமார் 658 கிலோஜூல் ஏறும். புரொப்பேனுக்கு 2,220 என்றால் பியூட்டேனுக்கு 2,878. கொதிநிலை இவ்வளவு பணிவானதல்ல: அதே அணுக்களைக் கிளைத்த வடிவில் கொண்ட ஐசோபியூட்டேன் −11.7 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அளந்த எண்ணுக்கும் கணித்த எண்ணுக்கும் வேறுபாடு காட்டாத அட்டவணை, எவ்வளவு பெரிதானாலும், ஆபத்தானது.

மசகு எண்ணெயில் சேர்வைகள் எண்ணற்றவை. பெயர் சொல்லிப் பட்டியலிட முடியாது. அதைக் கொதிநிலை வாரியாகத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரே சேர்வைபோலப் பாவித்து, அடர்த்தியிலிருந்து மற்ற இயல்புகளைக் கணிப்பது வழக்கம். 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலை ஈரானிய மசகு எண்ணெயை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. வேறு நாட்டு எண்ணெய் வந்திறங்கினால் அந்தத் துண்டுகளின் கணக்கை முதலிலிருந்து போடவேண்டும்.